செயல் நினைவின் மூளை அலைகள்: முதல் இ.இ.ஜி. ஆய்வைத் தொடங்குகிறவர்களுக்கு

என் முதுகலை ஆய்வேட்டுக்காக 24 பேரின் மூளை அலைகளை இ.இ.ஜி. முறையில், அதாவது எலெக்ட்ரோடுகள் பொருத்திய தொப்பியைத் தலையில் மாட்டி, பதிவு செய்தேன். முதல் 11 பேரின் பதிவுகளை ஒரு பக்கத்துக்குக்கூடப் பயன்படுத்த முடியவில்லை. கருவியில் பழுதில்லை, வந்தவர்கள் மேலும் குறையில்லை. நான் சோதனையை அமைத்த விதத்தில், தேடிய விடை கிடைக்க வாய்ப்பே இருக்கவில்லை. அது எனக்குப் புரிய நான்கு மாதம் ஆயிற்று. அந்த 11 பேரும் தலையெல்லாம் ஜெல்லோடு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவர்கள். அவர்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. உங்களை நம்பி வருகிறவர்களுக்கு அப்படி நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உளவியல், உடலியங்கியல், பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். பைதான் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

வங்கியிலிருந்து வந்த ஆறு இலக்க ஓ.டி.பி.யைப் பார்த்துவிட்டு, வேறு திரைக்குப் போய்த் தட்டும்வரை மனத்தில் பிடித்து வைத்திருக்கிறோமே, அதுதான் செயல் நினைவு. ஒர்க்கிங் மெமரி என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சில வினாடிகளில் நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி, உச்சியின் பின்பகுதி, காதோரப் பகுதி, ஆழத்தில் ஹிப்போகேம்பஸ் என்று பல இடங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. இவை ஒன்றுக்கொன்று பல சென்டிமீட்டர் தள்ளி இருப்பவை.

நரம்பணுக் கூட்டம் எந்த நேரமும் ஒரே அளவு விழிப்பாக இருப்பதில்லை. அலையின் ஒரு பாதியில் எளிதில் தூண்டப்படும், மறுபாதியில் மந்தமாகிவிடும். இரண்டு பகுதிகளின் அலைகளும் பொருத்தமான நேரத்தில் ஏறி இறங்கினால், ஒன்று அனுப்புவது மற்றது விழித்திருக்கும் நேரத்தில் போய்ச் சேரும். இல்லாவிட்டால் பூட்டிய வீட்டுக்கு வந்த தபால்தான். நரம்பியல் ஆய்வாளர் பாஸ்கல் ஃப்ரீஸ் 2005-இல் முன்வைத்த கருத்தின் சாரம் இது.

செயல் நினைவில் அதிகம் பேசப்படுவது தீட்டா அலை, அதாவது வினாடிக்கு 4 முதல் 8 முறை (4–8 ஹெர்ட்ஸ்) ஏறி இறங்கும் அலை. மனத்தில் வைக்க வேண்டியவை கூடக்கூட நெற்றியின் நடுக்கோட்டில் தீட்டாவின் வலு பெரும்பாலும் கூடுகிறது. நினைவில் பிடித்து வைத்திருக்கும் நேரத்தில் நெற்றிப் பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையே தீட்டா ஒத்திசைவு (இரு இடத்து அலைகளும் ஒரு நேர ஒழுங்கில் ஏறி இறங்குவது) கூடுவதை 1998-இல் சார்ந்தைனும் அவர் குழுவினரும் காட்டினார்கள். 2012-இல் பொலானியா குழுவினர் தலைக்கு வெளியிலிருந்து 6 ஹெர்ட்ஸில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, இரு பகுதிகளையும் ஒரே கட்டத்தில் (ஃபேஸ்; இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும்படி) ஆட்டினால் பதில் வேகமாவதையும், எதிர்க்கட்டத்தில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி) ஆட்டினால் தாமதமாவதையும் கண்டார்கள். தீட்டா அலையின் மேல் அதைவிட வேகமான காமா அலைகள் ஏறி உட்காரும் கதை தனி. 6 ஹெர்ட்ஸ் தீட்டாவின் ஒரு சுழற்சி சுமார் 167 மில்லிவினாடி, 40 ஹெர்ட்ஸ் காமாவின் ஒரு சுழற்சி 25 மில்லிவினாடி. ஒன்றுக்குள் ஆறேழு அடங்கும். நாம் மனத்தில் வைக்கக்கூடியது ஏன் ஆறேழோடு நிற்கிறது என்பதற்கு லிஸ்மனும் இடியார்ட்டும் 1995-இல் தந்த விளக்கம் அதிலிருந்து வந்தது. எனக்கு இன்றும் மெய்சிலிர்க்க வைக்கிற கணக்கு அது.

ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரே ஆய்வேட்டில் அளக்க முடியாது. நான் முதலில் அப்படித்தான் ஆசைப்பட்டேன். என் வழிகாட்டி ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். மூன்று வாரம் கழித்து எழுதியது இது: "மனத்தில் வைக்க வேண்டிய எண்கள் 2-லிருந்து 6 ஆகும்போது, இடைவெளி நேரத்தில் நெற்றி நடுவுக்கும் உச்சியின் பின்பகுதிக்கும் இடையிலான தீட்டா ஒத்திசைவு கூடுகிறதா?" எந்த அலை, எந்த இரு இடம், எந்த நேரம், எதோடு ஒப்பீடு என்ற நான்கும் அதில் இருக்கின்றன. உங்கள் வாக்கியத்தில் ஒன்று விடுபட்டாலும் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. கருவியைத் தொடும் முன் அடுத்தவர் தரவில் பழகுங்கள்

ஓப்பன்நியூரோ தளத்தில் செயல் நினைவு இ.இ.ஜி. தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அலசுவதற்கு எம்.என்.இ. பைதான் என்ற மென்பொருள் இலவசம். இ.இ.ஜி.லேப், ஃபீல்ட்ட்ரிப் இரண்டும் இலவசம்தான், ஆனால் அவற்றை ஓட்டப் பெரும்பாலும் மேட்லேப் உரிமம் வேண்டும். உங்கள் கல்லூரியில் அது இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தரவைக் கடைசிவரை அலசிப் பாருங்கள். ஆறு வாரம் ஆகும். அதோடு ஒரு பயிற்சியையும் கட்டாயம் செய்யுங்கள்: கணினியில் ஒரே ஒரு தீட்டா மூலத்தை உருவாக்கி, அதை இரண்டு சேனல்களில் (ஓர் எலெக்ட்ரோடின் பதிவு ஒரு சேனல்) வேறுவேறு அளவில் கலந்து, கொஞ்சம் இரைச்சலையும் சேர்த்து, இரண்டுக்கும் ஒத்திசைவு கணக்கிடுங்கள். பேசுவதற்கு இரண்டாவது பகுதியே இல்லாத இடத்தில் மிகப் பெரிய ஒத்திசைவு தெரியும். ஏழாம் படியில் வரும் போலி ஒத்திசைவுக்கு இது முதல் எச்சரிக்கை.

3. நெறிமுறைக் குழுவின் அனுமதி

இந்தியாவில் இதற்கு அடிப்படை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டல்கள். உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதம் தரும்வரை ஒருவரின் தலையில்கூடத் தொப்பி மாட்டாதீர்கள், நண்பர்களைச் சும்மா பதிவு செய்து பார்ப்பது உட்பட. அனுமதிக்கு முன் எடுத்த பதிவை ஆய்வேட்டில் காட்ட முடியாது.

நான் கொடுத்த ஆவணங்கள்: ஆய்வுத் திட்டம், பங்கேற்பாளர் தகவல் தாள், ஒப்புதல் படிவம், நானும் வழிகாட்டியும் கையெழுத்திட்ட தன்விவரங்கள், நல்ல ஆய்வு நடைமுறைப் பயிற்சிச் சான்று, செலவுத் திட்டம், நலமுரண் (சொந்த ஆதாயம் ஆய்வில் குறுக்கிடுவது) இல்லை என்ற உறுதிமொழி, ஆள் சேர்க்க ஒட்டப் போகும் அறிவிப்பின் நகல், கேட்கப் போகும் கேள்வித்தாள். தகவல் தாளும் படிவமும் ஆங்கிலத்திலும் தமிழிலும் வேண்டும். தமிழிலிருந்து வேறொருவர் ஆங்கிலத்துக்கு மறுபடி மொழிபெயர்த்த பிரதியையும் கேட்டார்கள். அது இல்லாததால் என் விண்ணப்பம் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. பல இடங்களில் குழு மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோதான் கூடும். ஒரு தாள் குறைந்தால் போவது ஒரு நாள் இல்லை, ஒரு மாதம். எனக்கு மொத்தம் 11 வாரம் பிடித்தது. இந்த நேரத்தில்தான் இரண்டாம் படியை முடிக்க வேண்டும்.

தமிழ்ப் படிவத்தை அகராதி வைத்து எழுதாதீர்கள். வந்தவர்களில் பாதிப்பேர் கேட்ட முதல் கேள்வி, "தலைக்குள்ள கரண்ட் விடுவீங்களா?" என்பதுதான். அதனால் படிவத்தின் இரண்டாவது வரியிலேயே எழுதிவிட்டேன்: "இந்தக் கருவி உங்கள் உடலுக்குள் மின்சாரம் எதையும் செலுத்தாது. மூளையில் இயல்பாக உண்டாகும் மிகச் சிறிய மின் மாற்றங்களைத் தோலுக்கு மேலிருந்து படிக்க மட்டும் செய்யும்." இது நோயைக் கண்டறியும் பரிசோதனை இல்லை என்பதையும், எந்த நிமிடமும் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்பதையும் அதே எளிமையில் எழுதுங்கள்.

உடல்நலமுள்ள வயதுவந்தவர்களிடம் வெறும் பதிவு மட்டும் என்றால் ஆபத்து மிகக் குறைவு. குழு விரைவு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம், அந்த முடிவு அவர்களுடையது. மின்னோட்டம் செலுத்தும் திட்டம் இருந்தால் அது தலையீடு, விதிகள் வேறு. முதல் ஆய்வில் வேண்டாம். கடையில் வாங்கிய கருவியை வீட்டில் தலையில் வைத்துப் பார்ப்பது எந்த ஆய்விலும் வேண்டாம்.

4. சோதனையை வடிவமைத்தல்: இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது

தொடக்கக்காரர்களுக்கு ஸ்டெர்ன்பெர்க் சோதனையே போதும். சில எண்களைக் காட்டுவீர்கள், திரை வெறுமையாகும், பிறகு ஓர் எண் வரும். அது முன்பு வந்ததா இல்லையா என்று பொத்தானை அழுத்த வேண்டும். உங்களுக்கு வேண்டியது அந்த வெற்றுத் திரை நேரம்.

என் முதல் 11 பதிவுகள் வீணானது இங்கேதான். வெற்றுத் திரையை 1 வினாடி வைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுழற்சி 250 மில்லிவினாடி. கட்டத்தை (அலை தன் சுழற்சியில் நிற்கும் இடத்தை) நம்பும்படி அளக்க மூன்று சுழற்சியாவது வேண்டும் என்றால் 750 மில்லிவினாடி. எண்கள் மறைந்ததும் வரும் எதிர்வினை அலை முதல் அரை வினாடியைக் கலக்கிவிடும். அடுத்த எண்ணுக்கான எதிர்பார்ப்பு கடைசிப் பகுதியைக் கலக்கும். மீதி ஒன்றும் இல்லை. இடைவெளியை 3 வினாடிக்குக் குறைக்காதீர்கள்.

ஒரு சுற்றுக்கு நான் பின்னர் வைத்த நேரம்: குறியைப் பார்க்க 1 வினாடி, எண்களைக் காட்ட 2, இடைவெளி 3, பதிலுக்கு 1.5, ஓய்வு 2. மொத்தம் 9.5 வினாடி. 2, 4, 6 எண்கள் என மூன்று நிலை, ஒவ்வொன்றிலும் 60 சுற்று, ஆக 180 சுற்றுக்கு 28.5 நிமிடம். நடுவே மூன்று இடைவேளை விட்டால் 40 நிமிடத்துக்குள் முடியும். இதற்கு மேல் நீட்டினால் தூக்கம் வருகிறது, தீட்டாவைவிடச் சற்று வேகமான ஆல்ஃபா அலை பெருகுகிறது.

எண்களுக்குப் பதிலாகத் தமிழ் எழுத்துகள் வைக்க ஆசை வரும். வையுங்கள், ஆனால் ல, ள, ழ ஒரே தொகுப்பில் வேண்டாம். ன, ண, ந-வும் அப்படியே. மனத்துக்குள் சொல்லிப் பார்க்கும்போது ஒலி ஒத்தவை ஒன்றோடொன்று குழம்பும். அப்போது நீங்கள் அளப்பது எண்ணிக்கையின் சுமை மட்டுமாக இருக்காது.

5. கருவி: கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

சொந்தக் கருவி வாங்க முதுகலை மாணவரால் முடியாது. துறையில் இருப்பதையோ மருத்துவமனையோடு பேசி அங்கிருப்பதையோதான் பயன்படுத்துவோம். போகும் முன் கேளுங்கள். எத்தனை எலெக்ட்ரோடுகள்? கணினியிலிருந்து ட்ரிகர் (எண் தோன்றிய நொடியைப் பதிவில் குறிக்கும் சைகை) வாங்குமா? வடிகட்டாத மூலப் பதிவை இ.டி.எஃப். கோப்பாக (இ.இ.ஜி. பதிவுகளுக்கான பொது வடிவம்) தருமா? ரெஃபரன்ஸ், அதாவது மற்றவற்றை ஒப்பிட்டு அளக்கும் எலெக்ட்ரோடு, எங்கே?

மருத்துவமனைக் கருவிகள் வலிப்பு பார்ப்பதற்காக அமைந்தவை. சுமார் 19 எலெக்ட்ரோடுகள் இருக்கும், ட்ரிகர் வழி இல்லாமலும் போகலாம். திரையின் மூலையில் ஒரு வெள்ளைச் சதுரத்தை மின்னவைத்து, அதன் மேல் ஓர் ஒளி உணரியை ஒட்டி, அதை ஓர் உபரி சேனலில் இணைத்து நான் சமாளித்தேன். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் தவறினால் 16.7 மில்லிவினாடி பிசகும், 6 ஹெர்ட்ஸ் அலையில் அது 36 பாகைக் கட்டம். ஒரே கருவியின் இரு சேனல்களை ஒப்பிட இது பாதிக்காது. எண் தோன்றிய நொடியிலிருந்து கட்டம் எப்படி மாறுகிறது என்று பார்க்கப் போனால் எல்லாமே குலைந்துவிடும்.

கோப்பு வாங்கும்போது கவனம். திரையில் காட்டுவதற்காகப் போட்ட வடிகட்டியோடு சேர்த்துச் சேமித்துக் கொடுப்பார்கள். ஒரு பதிவை வாங்கி, வீட்டில் திறந்து, 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி இரைச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமாக இருந்தால் அநேகமாக யாரோ வடிகட்டியிருக்கிறார்கள்.

6. பதிவு நாள்: எண்ணெய், பூ, வியர்வை

வெளிநாட்டுக் கையேடுகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் கிடையாது. நம் ஊரில் பதிவின் தரத்தைப் பாதிக்கும் முதல் காரணம் தேங்காய் எண்ணெய். எண்ணெய்த் தலையில் இம்பீடன்ஸ் (தோலுக்கும் எலெக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை) இறங்கவே இறங்காது. சாதாரண எலெக்ட்ரோடுக்கு 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். எண்ணெய் வைத்த தலையில் ஒரு மணி நேரம் போராடியும் 30-க்குக் கீழே போகாமல் ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மூன்று நாள் முன்பே செய்தி அனுப்புங்கள்: பதிவுக்கு முந்தைய இரண்டு நாள் எண்ணெய் வைக்க வேண்டாம், காலையில் ஷாம்பு போட்டுக் குளித்து, தலையை நன்றாகக் காயவைத்து வரவும், கண்டிஷனர் வேண்டாம். பெண்கள் செவ்வாய், வெள்ளியும் ஆண்கள் புதன், சனியும் எண்ணெய்க் குளியல் எடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. நாளைக் கேட்டுவிட்டே நேரம் கொடுங்கள். தீபாவளி வாரத்தில் யாரையும் கூப்பிடாதீர்கள்.

பூவும் கிளிப்பும் எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அடர்ந்த கூந்தலை நடுவகிடெடுத்துத் தளரப் பின்னினால் தொப்பி உட்காரும். நெற்றியில் விபூதியோ சந்தனமோ இருந்தால் அதைத் துடைக்க நேரும் என்று முன்பே சொல்லி, அவர்கள் கையாலேயே துடைக்கக் கொடுங்கள். முக்காடு போடும் பெண்களுக்குத் தனி அறையும் பெண் உதவியாளரும் கட்டாயம். முடிந்ததும் தலை கழுவ வெந்நீர், துண்டு, ஹேர் டிரையர் மூன்றும் தயாராக இருக்கட்டும். ஜெல் தலையோடு ஒருவரைப் பேருந்தில் அனுப்பக்கூடாது.

வியர்வை மெதுவாக ஏறி இறங்கும் அலையை உண்டாக்கிப் பதிவைச் சாய்க்கும். ஏ.சி. இல்லாத அறையில் சித்திரை, வைகாசியில் பதிவு செய்யவே வேண்டாம். மின்விசிறியும் டியூப்லைட் சோக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தரும். மின்வெட்டு வந்தால் யு.பி.எஸ். தாங்குமா என்று ஒருமுறை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். வந்தவரின் காபி, டீ, உறக்க நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொப்பி மாட்ட 40 நிமிடம், சோதனை 40, கழுவ 20. ஒருவருக்கு இரண்டு மணி நேரம், ஒரு நாளைக்கு இரண்டு பேர். மூன்றாவது ஆளை எடுத்த நாள்களில் என் கவனம் சிதறிப் பிழைகள் வந்தன.

7. அலசல்: போலி ஒத்திசைவு வரும் ஐந்து வாசல்கள்

இந்த ஆய்வில் ஒத்திசைவைக் கண்டுபிடிப்பது எளிது. கண்டது உண்மைதானா என்று சொல்வதுதான் கடினம்.

முதல் வாசல் மின்பரவல். மூளையின் ஒரு மூலத்தின் மின்புலம் மண்டையோட்டில் பரவி எல்லா எலெக்ட்ரோடுகளிலும் ஒரே கணத்தில் தெரியும். இரண்டாம் படியில் உருவாக்கிய போலித் தரவு இதுதான். கட்ட வேறுபாடு 0 அல்லது 180 பாகையில் குவிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆய்வாளர் நோல்டெயின் கற்பனைப் பகுதி ஒத்திசைவு (இமாஜினரி கோஹிரன்ஸ்), எடையிட்ட கட்டப் பின்னடைவுக் குறியீடு (wPLI) ஆகிய அளவைகள் தாமதமில்லாத தொடர்பை விலக்கிவிட்டுக் கணக்கிடும். இதற்கும் ஒரு விலை உண்டு: தாமதமே இல்லாத உண்மையான ஒத்திசைவு இருந்தால் அதுவும் போய்விடும். ஆகவே இந்த அளவைகளில் ஒன்றும் தெரியாவிட்டால் "ஒத்திசைவு இல்லை" என்று எழுதாதீர்கள்.

இரண்டாவது ரெஃபரன்ஸ். எல்லாச் சேனல்களும் ஒரே ரெஃபரன்ஸிலிருந்து கழிக்கப்படுகின்றன. அதில் உள்ள அலை எல்லாவற்றிலும் நுழையும். சராசரி ரெஃபரன்ஸ் போட்டால், அதாவது எல்லாச் சேனல்களின் சராசரியைக் கழித்தால், சரியாகும் என்பார்கள். 19 எலெக்ட்ரோடில் நெற்றித் தீட்டா வலுவாக இருந்தால் சராசரியிலும் அது கலந்து, பின்பக்கச் சேனல்களில் தலைகீழாக வந்து நிற்கும். குறைந்தது இரண்டு ரெஃபரன்ஸில் கணக்கிட்டு, இரண்டிலும் நிற்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதில்தான் நான் சிக்கினேன், வழிகாட்டிக்கும் உடனே தெரியவில்லை. 6 எண்கள் நிலையில் தவறான பதில்கள் அதிகம். அவற்றை நீக்கியதும் அங்கே சுற்றுகள் குறைந்தன. ஒத்திசைவை 0 முதல் 1 வரை அளக்கும் கட்டப் பிணைப்பு மதிப்பு, கோஹிரன்ஸ் இரண்டும் சுற்றுகள் குறையக் குறையத் தாமாகவே உயரும். கட்டங்கள் முழுக்க முழுக்கத் தற்செயலாக இருந்தாலும் 100 சுற்றில் சராசரியாக 0.09 வரும், 25 சுற்றில் 0.18 வரும். "சுமை கூடினால் ஒத்திசைவு கூடுகிறது" என்ற என் அழகான படம் இதனால் வந்தது. எல்லா நிலைகளிலும் ஒரே எண்ணிக்கைச் சுற்றுகளைக் குலுக்கல் முறையில் எடுத்தேன். பாதி வித்தியாசம் கரைந்துவிட்டது.

நான்காவது அலையின் வலு. தீட்டா வலுத்தால் இரைச்சலுக்கு மேலே கட்டம் தெளிவாகத் தெரியும், ஒத்திசைவு கூடியது போலத் தோன்றும். வலுவின் வரைபடத்தை ஒத்திசைவின் பக்கத்திலேயே போடுங்கள்.

ஐந்தாவது காமா. தலைக்கு வெளியே பதிவாகும் காமாவில் நெற்றித் தசையும் கழுத்துத் தசையும் கண்ணின் நுண் அசைவுகளும் கலந்திருக்கும். தீட்டாவும் காமாவும் பிணைவதை 2024-இல் டாமெ, ருட்டிஸ்ஹவுசர் குழுவினர் ஹிப்போகேம்பஸில் காட்டியது, வலிப்புச் சிகிச்சைக்காக மூளைக்குள்ளேயே எலெக்ட்ரோடு வைக்கப்பட்டவர்களிடம். தொப்பியை வைத்து அதைத் தேடப் போகாதீர்கள்.

8. செலவும் காலமும்

24 பேருக்கு எனக்கு ஆன செலவு: பயணப்படி ஆளுக்கு 300 ரூபாய் வீதம் 7,200. ஜெல், ஊசியில்லாச் சிரிஞ்சு, ஒட்டுநாடா 3,500. ஷாம்பு, துண்டுகள், டிரையர் 2,400. மறுமொழிபெயர்ப்பு 2,000. ஹார்ட் டிஸ்க் 4,500. மொத்தம் 19,600 ரூபாய். கருவிக்கு வாடகை கேட்டால் இது பல மடங்காகும், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயணப்படியைப் படிவத்தில் எழுதி, பாதியில் எழுந்து போகிறவருக்கும் முழுதாகக் கொடுங்கள்.

காலம்: அனுமதிக்கு மூன்று மாதம், இரண்டு பேரிடம் முன்னோட்டமும் திருத்தமும் ஒரு மாதம், பதிவு இரண்டு மாதம், அலசல் மூன்று மாதம். ஆறு மாத ஆய்வேட்டுக்கு இது அடங்காது. அவ்வளவுதான் நேரம் என்றால் இரண்டாம் படியோடு நின்று, திறந்த தரவையே வைத்து எழுதுங்கள். அதுவும் நேர்மையான ஆய்வுதான். முன்னோட்டத்தின் இரண்டு பதிவுகளையும் ஏழாம் படிவரை முழுதாக அலசி முடித்த பிறகே மூன்றாமவரைக் கூப்பிடுங்கள். நான் இதைச் செய்திருந்தால் வீணானது 2 பதிவாக இருந்திருக்கும், 11 ஆகியிருக்காது.

9. தரவைக் காப்பது

இ.டி.எஃப். கோப்பின் தலைப்பகுதியில் நோயாளியின் பெயருக்கென்று ஓர் இடம் உண்டு. மருத்துவமனைக் கருவியில் பதிவுக்கு முன் தட்டச்சு செய்கிற பெயர் அங்கேதான் போய் உட்காரும். கோப்பின் பெயரை "எண் 07" என்று மாற்றினால் மட்டும் அது போகாது. யாருக்கு அனுப்பும் முன்பும் தலைப்பகுதியைத் திறந்து பெயர், பிறந்த தேதி இரண்டையும் அழியுங்கள், இன்னும் நல்லது பதிவின்போதே எண்ணை மட்டும் தட்டுவது. பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் ஒரே ஒரு தாளில், வழிகாட்டியின் அலமாரியில், பூட்டில் இருக்கட்டும். மூலப் பதிவுகளை அன்றன்றே இரண்டு இடங்களில் நகலெடுத்து, படிக்க மட்டும் என்று குறித்துவிடுங்கள்.